கேஷுவலா ஆரம்பிச்சது லவ்வா மாறிடுச்சா? எதை முதல்ல பண்ணணும், எதை அப்புறம் பண்ணணும்

ரெண்டு பேரும் தெளிவா பேசித்தான் ஆரம்பிச்சிருப்பீங்க. "சீரியஸா எதுவும் வேணாம், ஜாலியா இருப்போம், யாருக்காவது ஃபீலிங்ஸ் வந்தா சொல்லிடுவோம்" அப்படின்னு. டேட்டிங் ஆப்ல பாத்திருப்பீங்க, இல்ல ஆபீஸ் டீம் அவுட்டிங்ல, இல்ல ஃப்ரெண்டோட ரிசப்ஷன் முடிஞ்சு மண்டபத்து மாடில விடிய விடிய பேசிட்டு இருந்ததுல. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, அது ரெண்டு தடவை ஆகி, இப்போ புதன்கிழமை மத்தியானம் மீட்டிங் நடுவுல அவங்க சாப்பிட்டாங்களா இல்லையானு யோசிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. அப்படி ஒரு நிலைமைல இருக்கறவங்களுக்குத்தான் இதை எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். ஃபீலிங்ஸ் வந்ததுல தப்பே இல்ல, பழகினா வரும். கேஷுவல்ங்கற ஏற்பாடு ஓடுறதே சில கேள்விகளை ரெண்டு பேரும் கேக்காம இருக்கறதாலதான். வேற யாரையாவது பாக்கறியா, உங்க வீட்ல என்ன நிலைமை, நீங்க என்ன ஆளுங்க, அடுத்த வருஷம் நீ எங்க இருப்ப. இது லவ்வா நிக்கணும்னா அந்த கேள்வி அத்தனையும் கேட்டாகணும். எல்லாத்தையும் ஒரே ராத்திரில கொட்டினா எதிர்ல இருக்கறவங்க மிரண்டுடுவாங்க, கேக்காமலே இழுத்துட்டுப் போனா ஒரு நாள் ஊர்ல இருந்து "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க"னு ஃபோன் வரும்போது மொத்தமும் இடிஞ்சு விழும். அதனால எதை எப்போ கேக்கறதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

முதல்ல, இது நிஜமாவே அதுதானா

மெசேஜ் வந்தா நெஞ்சு படபடங்குது, புளூ டிக் விழுந்தும் பதில் வரலைன்னா தூக்கம் வரல, இதெல்லாம் வெச்சு முடிவு பண்ணாதீங்க. உடம்பு நெருக்கம் இருக்கற எந்த உறவுலயும் இது கொஞ்ச நாள் இருக்கும். பொறாமையையும் நம்பாதீங்க. அவங்க வேற யாரோடயோ சுத்தறாங்கனு தெரிஞ்சதும் வயிறு எரியுதுன்னா அது உங்க கௌரவம் அடிபட்டதாவும் இருக்கலாம், யாருக்கு வேணா வரும் அது.

பாக்க வேண்டியது பகல் வெளிச்சத்துல நடக்கற விஷயங்கள. என் ஃப்ரெண்டு ஒருத்தி பெருங்குடில ஷேரிங் ஃப்ளாட்ல இருந்தா, அவளும் ஒரு பையனும் சனிக்கிழமை ராத்திரி மட்டும் பாத்துக்கற மாதிரி கொஞ்ச மாசமா போயிட்டு இருந்தது, ஒரு நவம்பர்ல மழை சீசன்ல அவளுக்கு நல்ல காய்ச்சல், டெங்குவா இருக்குமோனு பயம். அவன் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு வந்து அவளை லேபுக்கு கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுக்க வெச்சு, பிளேட்லெட் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அந்த பிளாஸ்டிக் சேர்லயே உக்காந்திருந்தான். திரும்ப ஆபீஸ் கால் ஒண்ணு இருக்குனு கிளம்பும்போது ஓஆர்எஸ் பாக்கெட்ட ஒரு லிட்டர் பாட்டில்ல கலந்து, பாட்டில் மேல ஸ்கெட்ச் பேனால கோடு போட்டுட்டுப் போனான், பன்னெண்டு மணிக்கு இது வரைக்கும், மூணு மணிக்கு இது வரைக்கும் குடிச்சிருக்கணும்னு. அன்னைக்கு அவன் அவள நெத்தி சூடு பாக்கறதுக்குத் தவிர தொடவே இல்ல. அவ எனக்கு ஃபோன் பண்ணி "எனக்கு அந்த பாட்டில தூக்கிப் போட மனசு வரலடி"ன்னா. அப்பவே எனக்கு புரிஞ்சிடுச்சு.

உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது இருக்கானு யோசிச்சுப் பாருங்க. அவங்களோட மொக்கையான விஷயம் எல்லாம் உங்களுக்கு முக்கியமா படுதா, மேனேஜர் பத்தின புலம்பல், அவங்க அம்மாவோட முட்டி வலி, தம்பியோட அரியர். நீங்க அவங்க ஃபோன்ல என்ன பேர்ல இருக்கீங்க, அவங்க உங்க ஃபோன்ல என்ன பேர்ல இருக்காங்க. ஹெச்ஆர்னும் கேஸ் டெலிவரினும் சேவ் பண்ணி வெச்சிருந்த பேர மாத்தணும்னு கை துடிக்குதுன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு.

இன்னொரு பக்கமும் சொல்லணும். சேலத்துல இருந்தோ தேனில இருந்தோ வேலைக்குன்னு சென்னை வந்து பிஜில ஒரு கட்டில் ஒரு பீரோவோட இருக்கறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்ங்கறது ரொம்ப கொடுமையான நேரம். அந்த நேரத்துல யார் பக்கத்துல இருந்தாலும் அது காதல் மாதிரிதான் தெரியும். இதைப் பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி பொங்கல் லீவுதான். கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி ஊருக்குப் போயிடறீங்க, வீடு நிறைய ஆளு, சித்தப்பா பசங்க, கரும்பு, சாப்பாடு, தூக்கம், தனிமைங்கற பேச்சே இல்ல. அங்க இருக்கும்போதும் மாட்டுப்பொங்கல் அன்னைக்கு கன்னுக்குட்டிக்கு கலர் அடிச்சத ஃபோட்டோ எடுத்து அந்த ஒரு ஆளுக்கு மட்டும் அனுப்பணும்னு தோணுதுன்னா அது தனிமை இல்ல. ஊருக்குப் போனதும் அவங்க ஞாபகமே வரல, தாம்பரம் தாண்டினதும்தான் வருதுன்னா இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, எதுவும் சொல்லிடாதீங்க.

சொல்றதுக்கு முன்னாடி, பாக்கற நேரத்த மாத்துங்க

இத நிறைய பேர் பண்றதில்ல, நேரா போய் சொல்லிடறாங்க. கேஷுவல் உறவுக்குனு ஒரு டைம்டேபிள் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல "ஃப்ரீயா?"னு ஒரு மெசேஜ், ஸ்விக்கில பிரியாணி, விடியறதுக்குள்ள ஓனர் ஆன்ட்டி கண்ணுல படாம கிளம்பறது. அந்த டைம்டேபிளுக்குள்ளயே இருந்துட்டு "எனக்கு உன்ன பிடிச்சிருக்கு"ன்னா எதிர்ல இருக்கறவங்களுக்கு அது அந்த ராத்திரியோட சேர்ந்த பேச்சாத்தான் கேக்கும்.

அதனால ஒரு சில வாரம் வேற மாதிரி பாத்துப் பழகுங்க. காலைல ஆறரைக்கு பெசன்ட் நகர் பீச்சுல நடங்க, நடந்து முடிச்சு எங்கயாவது பொங்கல் வடை சாப்பிடுங்க. அவங்களுக்கு ஆதார்ல அட்ரஸ் மாத்தணும், பைக் சர்வீஸ் விடணும்னு ஏதாவது வேலை இருந்தா கூடப் போங்க. அந்த நாள் படுக்கையில முடியணும்னு அவசியம் இல்லாம பாத்துக்கோங்க. பேச்சு ஓடுதா, பேச்சு இல்லாம உக்காந்திருக்க முடியுதா, ஹோட்டல்ல சர்வர்கிட்ட எப்படி பேசறாங்க, ஆட்டோக்காரர்கிட்ட எப்படி பேசறாங்க, இதெல்லாம் உங்களுக்கு இதுவரைக்கும் தெரியாது, ஏன்னா நீங்க இருட்டுலயே பாத்துட்டு இருந்திருக்கீங்க.

பகல்ல வாங்கனு கூப்பிட்டா அவங்க ஒவ்வொரு தடவையும் ஏதாவது காரணம் சொல்லி தள்ளிப் போட்டு, ராத்திரின்னா மட்டும் உடனே வராங்கன்னா, நீங்க கேக்காமலே பதில் வந்துடுச்சு. அதுக்கு மேல சொல்லி மனச உடைச்சுக்கணுமானு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் சொல்ல வேணாம்னுதான் சொல்வேன்.

சொல்ற விதம்

குடிச்சிருக்கும்போது வேணாம். படுக்கையில வேணாம், அந்த நேரத்துல யாருக்கும் யாரையும் மறுக்க மனசு வராது, அப்ப வாங்கின சரியை காலைல நம்ப முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸாப்ல பெரிய மெசேஜா வேணாம், ஆறு நிமிஷ வாய்ஸ் நோட் கண்டிப்பா வேணாம், பாவம் அத அவங்க ஆபீஸ் கேப்ல இயர்ஃபோன் போட்டு கேட்டுட்டு என்ன முகத்த வெச்சுக்கறதுன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க. பொறந்தநாள், வேலண்டைன்ஸ் டே மாதிரி நாளும் வேணாம்.

பக்கத்துல பக்கத்துல நடந்துட்டே பேசறது நல்லது, முகத்துக்கு முகம் பாத்துட்டே இருக்க வேண்டியதில்ல, ரெண்டு பேருக்குமே எழுந்து போறதுக்கு வழியும் இருக்கும். "நமக்குள்ள என்ன இது?"னு கேள்வியா ஆரம்பிக்காதீங்க, அது மொத்த பாரத்தையும் அவங்க தலைல தூக்கி வைக்கறது. உங்க நிலைமைய நீங்க முதல்ல சொல்லுங்க, அப்புறம் கேளுங்க. வார்த்தை எல்லாம் ரொம்ப யோசிக்க வேணாம், கிட்டத்தட்ட இப்படி இருந்தா போதும்:

"நாம ஆரம்பிக்கும்போது என்ன பேசினோம்னு எனக்கு ஞாபகம் இருக்கு, நீ எதையும் மீறல. ஆனா எனக்கு இப்போ அது போதல. எனக்கு உன் மேல நிஜமாவே ஆசை வந்துடுச்சு, நீ மட்டும்னு இருக்கணும்னு தோணுது. நீ இப்பவே பதில் சொல்ல வேணாம், யோசிச்சு சொல்லு. ஆனா பதில் தெரியற வரைக்கும் நாம பழைய மாதிரி பாக்க வேணாம், என்னால முடியாது."

அந்த கடைசி வரிய விட்டுடாதீங்க. அத மிரட்டலா சொல்லக்கூடாது, ஆனா சொல்லியே ஆகணும். பழைய மாதிரியே போயிட்டு இருந்தா பதில் சொல்ல வேண்டிய அவசரமே அவங்களுக்கு இருக்காது, மாசக்கணக்குல ஓடிடும்.

பதில் பல மாதிரி வரும். "எனக்கும் அப்படித்தான், சொல்ல பயந்துட்டு இருந்தேன்"னு வந்தா சந்தோஷம். "யோசிக்கணும், டைம் குடு"ன்னா குடுங்க, ஒரு ரெண்டு வாரம், நடுவுல என்ன ஆச்சு என்ன ஆச்சுனு நச்சரிக்காம. "இல்ல, எனக்கு அப்படி இல்ல"ன்னா வலிக்கும், ஆனா அது நேர்மையான பதில், அத சொன்னவங்க மேல கோவப்படாதீங்க. எனக்கு பயமே அடுத்த பதில் மேலதான்: "ஏன் இப்ப இதெல்லாம், நல்லாத்தான போயிட்டு இருக்கு, இப்படியே போகட்டுமே." இது கேக்க இதமா இருக்கும். மறுப்பு மாதிரியே தெரியாது. உங்க கைய பிடிச்சுக்கிட்டுக் கூட சொல்வாங்க. இத நம்பி இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு, அப்புறம் அவங்க வீட்ல பாத்த வரனோட நிச்சயதார்த்த ஃபோட்டோவ இன்ஸ்டாக்ராம்ல பாத்து உடைஞ்சு போனவங்கள எனக்குத் தெரியும், ஆணும் உண்டு பொண்ணும் உண்டு. "இப்படியே போகட்டும்"ன்னா இல்லன்னுதான் எடுத்துக்கணும்.

இல்லன்னு வந்தா அதோட விட்டுடணும். நம்ம சினிமா பல வருஷமா பின்னாடியே போனா மனசு மாறும்னு கத்துக் குடுத்து வெச்சிருக்கு, நிஜத்துல அது துன்புறுத்தல், ஃபாலோ பண்றது சட்டப்படி குற்றமும் கூட. வீட்டு வாசல்ல நிக்காதீங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ தூது விடாதீங்க, ஸ்டேட்டஸ்ல சோகப்பாட்டு போட்டு குத்தாதீங்க. உடனே "ஃப்ரெண்ட்ஸா இருப்போம்"னும் சொல்லாதீங்க, முடியாது, கொஞ்ச மாசம் மியூட் பண்ணி வைங்க. ஒரே ஆபீஸ், ஒரே கேப் ரூட்டுன்னா ஷிஃப்ட் மாத்திக்க முடியுமானு பாருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இதையே எதிர்ப்பக்கம் இருந்தும் ஒரு வார்த்தை. உங்ககிட்ட ஒருத்தங்க வந்து மனசத் திறந்து சொல்லி, உங்களுக்கு அந்த எண்ணம் இல்லன்னா, அன்னைக்கே தெளிவா சொல்லிடுங்க, அதுக்கு அப்புறம் அவங்களோட படுக்காதீங்க, அவங்களே கூப்பிட்டாலும். முக்கியமா பசங்களுக்கு: உறவு தொடரணும்ங்கறதுக்காக "கல்யாணம் பண்ணிக்கறேன்"னு மனசுல இல்லாத வார்த்தைய சொல்லாதீங்க. அது ஒரு பொண்ணுக்கு பண்ற துரோகம். 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்கற பாரதிய நியாய சன்ஹிதால 69வது பிரிவு, பண்ணிக்கற எண்ணமே இல்லாம கல்யாண வாக்கு குடுத்து ஒரு பொண்ணோட உறவு வெச்சுக்கறத 10 வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கற குற்றம்னு சொல்லுது. நிஜமா நினைச்சு சொல்லி அப்புறம் முடியாமப் போறது வேற, ஆரம்பத்துலயே ஏமாத்தறது வேறனு சுப்ரீம் கோர்ட் பல தடவை பிரிச்சு சொல்லியிருக்கு.

சரின்னு சொல்லிட்டாங்க, இப்போ?

இப்போதான் ஒரு விசித்திரமான காலம் ஆரம்பிக்கும். சாதாரண காதல்ல முதல்ல பேரு, ஊரு, குடும்பம், அப்புறம் கை பிடிக்கறதுனு போகும். உங்களுக்கு எல்லாம் தலைகீழ். அவங்க முதுகுல எங்க மச்சம் இருக்குனு தெரியும், அவங்க அப்பா என்ன வேலை பாக்கறாருன்னு தெரியாது. திடீர்னு வெக்கமா இருக்கும், இத்தனை நாள் இல்லாத வெக்கம். நெருக்கம் கொஞ்சம் குறையற மாதிரி கூட இருக்கும், பயப்படாதீங்க, நிறைய ஜோடிகளுக்கு அப்படித்தான், முன்னாடி அது மட்டும்தான் இருந்தது, இப்போ பேசறதுக்கு ஆயிரம் விஷயம் வந்துடுச்சு.

முதல் வாரத்துலயே டேட்டிங் ஆப்ப ரெண்டு பேரும் அழிச்சிடுங்க. ஃபோன்ல இருந்து தூக்கினா மட்டும் பத்தாது, ப்ரொஃபைல் அப்படியே இருக்கும், செட்டிங்ஸ்ல போய் அக்கவுண்ட்டையே டெலீட் பண்ணணும். சந்தேகத்துக்காக சொல்லல, அப்புறம் யாரோ ஒரு ஃப்ரெண்டு "உன் ஆளு இன்னும் ஆப்ல இருக்கா"னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி வீணா சண்டை வரும். வேற யாரோடயாவது பாதில நிக்கற பேச்சு இருந்தா அவங்களுக்கும் மரியாதையா ஒரு வரி சொல்லி முடிங்க, கோஸ்ட் பண்ணாதீங்க.

அடுத்தது டெஸ்ட். இது பேச கூச்சமா இருக்கும், ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து போனா பாதி கூச்சம் போயிடும். நீங்க ரெண்டு பேருமே முன்னாடி வேற ஆட்களோட இருந்திருக்கலாம், அத யாரும் யாரையும் குத்திக் காட்ட வேண்டியதில்ல, ரத்தத்த குடுத்துட்டு வந்துடலாம். அரசு ஆஸ்பத்திரிகள்ல நம்பிக்கை மையம்னு இருக்கும், அங்க ஹெச்ஐவி டெஸ்ட் இலவசம், ரகசியமா வெச்சுப்பாங்க, கவுன்சலரும் இருப்பாங்க. சமீபத்துல நடந்தது உடனே டெஸ்ட்ல தெரியாமப் போக வாய்ப்பு இருக்கு, அதனால கடைசியா ரிஸ்க் இருந்ததுல இருந்து 3 மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துடுங்க, அது வரைக்கும் காண்டம் வேணும். சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ரெண்டையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க. கர்ப்பத் தடுப்புக்கும் இனிமே அவசர மாத்திரைய நம்பி ஓடாதீங்க, அது உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தமிழ்நாட்டுல நிறைய மெடிக்கல் ஷாப்ல அது கிடைக்கறதே இல்லங்கறது கடை கடையா ஏறி இறங்கின எல்லாருக்கும் தெரியும். ஒரு லேடி டாக்டர பாத்து உங்களுக்கு எது ஒத்து வரும்னு கேட்டுக்கோங்க. கூட வந்து வெளில உக்காந்திருக்கறது பையனோட வேலை.

அப்புறம் ஃப்ரெண்ட்ஸ். ரெண்டு பக்கமும் ஒரே ஒரு ஃப்ரெண்டுகிட்ட முதல்ல சொல்லுங்க, கும்பலா வேணாம். எப்படி ஆரம்பிச்சதுன்னு கேப்பாங்க. அதுல எவ்வளவு சொல்றதுன்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, ஏன்னா நம்ம ஊர்ல அந்தக் கதையோட விலைய பொண்ணுதான் குடுக்க வேண்டியிருக்கும். பசங்க வாட்ஸாப் குரூப்ல பழைய கதைய ஜாலியா போட்டு வெச்சிருந்தா அத தூக்கிடுங்க, அவள பத்தி இனிமே அங்க ஒரு வார்த்தை வரக்கூடாதுன்னு சொல்லிடுங்க. சொல்ல முடியலைன்னா நீங்க இன்னும் தயாரா இல்லனு அர்த்தம்.

முதல் சண்டை வரும். கேஷுவலா இருந்தப்போ பிடிக்கலைன்னா ரெண்டு வாரம் மெசேஜ் பண்ணாம இருந்துட்டா போதும், சண்டையே தேவைப்படல. அந்தப் பழக்கம் கைல இருக்கும், கோவம் வந்ததும் காணாமப் போகத் தோணும். இப்போ அது செல்லாது. கோவத்துல பேச முடியலைன்னா "எனக்கு இப்போ முடியல, நாளைக்கு சாயங்காலம் பேசறேன்"னு நேரம் சொல்லிட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு ஃபோன் பண்ணுங்க. நான் பாத்தவரைக்கும் இப்படி ஆரம்பிச்ச ஜோடிகள்ல நிலைச்சவங்க எல்லாருமே இந்த ஒரு விஷயத்த கத்துக்கிட்டவங்க.

வீடு

நம்ம சங்கப் பாட்டுல இதுக்கு ஒரு முறையே வெச்சிருக்காங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். யாருக்கும் தெரியாம சந்திக்கறது களவு, ஊரறிய சேர்ந்து வாழறது கற்பு. களவுல இருந்து கற்புக்கு போறதுக்கு நடுவுல, தலைவி தோழிகிட்ட சொல்வா, தோழி செவிலித்தாய்கிட்ட சொல்வா, செவிலி பெத்த தாய்கிட்ட, தாய் அப்பா அண்ணன்கிட்ட. அறத்தொடு நிற்றல்னு அதுக்குப் பேரு. அந்த வரிசை இன்னைக்கும் அப்படியே வேலை செய்யுது. நேரா அப்பாகிட்ட போய் நிக்காதீங்க. வீட்ல யாரு பேச்சுக்கு மதிப்பு இருக்கோ, ஆனா யாரு உடனே வெடிக்க மாட்டாங்களோ, ஒரு அத்தையோ, கல்யாணம் ஆன அக்காவோ, சின்ன மாமாவோ, அவங்ககிட்ட முதல்ல. அவங்க அம்மாகிட்ட பக்குவமா சொல்வாங்க. ஆப்ல பாத்தோம், முதல்ல கேஷுவலா இருந்தோம்ங்கறத யாருகிட்டயும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்ல. அது உங்க ரெண்டு பேரோட அந்தரங்கம். "ஃப்ரெண்ட்ஸா பழகினோம், பிடிச்சுப் போச்சு"னா அதுல பொய்யும் இல்ல.

ஜாதி. இத சுத்தி வளைக்க விரும்பல. கேஷுவலா இருந்தப்போ யாரும் ஜாதி கேக்கல, கேக்கறது அநாகரிகம்னே நினைச்சிருப்பீங்க. கல்யாணம்னு வந்ததும் வீட்ல கேக்கற முதல் கேள்வியே அதுதான். வேற வேற ஜாதின்னா, அதுவும் ஒருத்தர் தலித்துன்னா, வீட்டுக்கு சொல்றதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் உக்காந்து நிதானமா பேசணும், யாரு வீட்ல யாரு எப்படிப்பட்டவங்க, கை ஓங்கற ஆள் யாரு, சங்கம் கட்சினு சுத்தற ஆள் யாரு. 2016 மார்ச்ல உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, ஜாதி மாறி கல்யாணம் பண்ணின சங்கர்ங்கற தலித் பையன பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னத நாடே சிசிடிவில பாத்துச்சு. "எங்க வீட்ல அப்படி எல்லாம் பண்ண மாட்டாங்க"னு காதல் மயக்கத்துல சொல்லாதீங்க, ஆபத்துல இருக்கறது பெரும்பாலும் எதிர்ல இருக்கற அந்த ஆளோட உயிர். பயம் இருந்தா ஊருக்குப் போய் நேர்ல சொல்லாதீங்க, சென்னைல இருந்து ஃபோன்ல சொல்லுங்க. உடம்பு சரியில்லனு சொல்லி திடீர்னு ஊருக்குக் கூப்பிட்டா தனியா போகாதீங்க. ஜாதி மாறி கல்யாணம் பண்றவங்கள பாதுகாக்க மாவட்டத்துக்கு மாவட்டம் ஸ்பெஷல் செல் வைக்கணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 2016லயும் சுப்ரீம் கோர்ட் 2018லயும் சொல்லியிருக்கு, அதனால எஸ்பி ஆபீஸ்லயோ கமிஷனர் ஆபீஸ்லயோ எழுத்து மூலமா பாதுகாப்பு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பொண்ணுங்களுக்கு 181, யாருக்கா இருந்தாலும் 112.

சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு, அத தெரிஞ்சு வெச்சிருந்தா தைரியம் வரும். கல்யாணத்துக்கு முன்னாடி உறவு பத்தி நடிகை குஷ்பு 2005ல சொன்ன கருத்துக்காக ஊர் ஊரா போட்ட கேஸ் எல்லாத்தையும் 2010ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணப்போ, மேஜர் ஆன ரெண்டு பேர் விருப்பப்பட்டு சேர்ந்து வாழறது குற்றம் இல்லன்னு தெளிவா சொல்லிடுச்சு. கல்யாணம் ஆகாத ஜோடி ஹோட்டல் ரூம்ல தங்கறதுக்கு எந்த சட்டமும் தடை சொல்லலனு 2019ல ஒரு கோயம்புத்தூர் கேஸ்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சொல்லியிருக்கு. கல்யாணம்னு வந்தா ரெண்டு வழி. ரெண்டு பேரும் இந்துன்னா சுயமரியாதை கல்யாணம், அண்ணா ஆட்சில 1967ல கொண்டுவந்த திருத்தத்தால இது முழுசா செல்லும், ஐயர் வேணாம், ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மாலை மாத்திக்கிட்டா போதும், ஊரைக் கூட்டிப் பண்ணணும்னு இல்லன்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அப்புறம் 90 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணிடணும். மதம் வேறன்னா 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட், அதுல உங்கள்ல ஒருத்தராவது 30 நாளா குடியிருக்கற மாவட்டத்துல நோட்டீஸ் குடுத்து, 30 நாள் காத்திருந்து, மூணு சாட்சியோட கையெழுத்து போடணும். அந்த நோட்டீஸ ஆபீஸ்ல ஒட்டுவாங்க, யாரு வேணா பாக்கலாம், அதனால வீட்ல ஆபத்து இருக்கறவங்க குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீல பாத்துடுங்க.

ஒரே பாலினத்தவங்களுக்கு பாதை இன்னும் கஷ்டம். ஒரே பாலின உறவ குற்றமா வெச்சிருந்த 377வது சட்டப் பிரிவு போய் 2018ல இருந்து அது குற்றம் இல்லன்னு ஆச்சு, ஆனா 2023ல சுப்ரீம் கோர்ட் கல்யாண உரிமை குடுக்கல. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட், குடும்பம்ங்கறதுக்கு கல்யாணம் மட்டுமே வழி இல்ல, தானா தேர்ந்தெடுத்துக்கற குடும்பமும் குடும்பம்தான்னு ஒரு பெண் ஜோடி கேஸ்ல சொன்னது பெரிய விஷயம். பேங்க் நாமினி, இன்ஷூரன்ஸ், உயில், இதுல எல்லாம் ஒருத்தர் பேர ஒருத்தர் போட என்ன வழி இருக்குன்னு இப்பவே விசாரிச்சு வெச்சுக்கோங்க.

பெரும்பாலான வீட்ல உயிர் பயம் எல்லாம் இருக்காது, அழுகையும் மௌனமும்தான் இருக்கும். அப்பா ரெண்டு மாசம் பேச மாட்டாரு. நீங்க எப்பவும் போல ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணிட்டே இருங்க, பணம் அனுப்பறத நிறுத்தாதீங்க, பேச்சுல அந்த விஷயத்த ஒவ்வொரு தடவையும் இழுக்காதீங்க. அவங்கவங்க வீட்ட அவங்கவங்கதான் சமாளிக்கணும், உங்க அம்மாவோட ஃபோன்ல போய் அவங்க வாதாடக் கூடாது. நடுவுல மேட்ரிமோனில இருந்து வரன் வந்துட்டே இருக்கும், ஒருத்தரையும் "சும்மா பாத்துட்டு வேணாம்னு சொல்லிடறேன்"னு பாக்காதீங்க, வர்ற அந்தக் குடும்பத்துக்கும் அது பாவம்.

ஒரு நாள் "சரி, கூட்டிட்டு வா, பாப்போம்"னு வரும். காலைல டிஃபன் நேரத்துக்கு போங்க, ராத்திரி தங்கற மாதிரி போகாதீங்க. பழம் வாங்கிட்டுப் போங்க, ஸ்வீட் பாக்ஸ் வேணாம், வீட்ல யாருக்காவது சுகர் இருக்கும். வாசல்ல செருப்ப ஒழுங்கா விடுங்க, அம்மா ரெண்டாவது தடவை தோசை வேணுமானு கேட்டா வாங்கிக்கோங்க, பாட்டி இருந்தா பக்கத்துல போய் உக்காருங்க. ஜாதகம் கேட்டா சண்டை போடாம "வீட்ல கேட்டுட்டு அனுப்பறேன் ஆன்ட்டி"னு சொல்லிட்டு வாங்க, அத பாத்துக்க வேண்டியது அந்த வீட்டுப் பிள்ளையோட வேலை.